மிடி டிரம்ஸை ஆள் வாசித்தது போல ஒலிக்க வைப்பது எப்படி

மென்பொருளில் மிடியாக (எந்த அடி எப்போது, எவ்வளவு பலத்தில் என்ற குறிப்பாக) எழுதிய டிரம்ஸ் உயிரில்லாமல் கேட்டால், பலரும் உடனே வேறு சாம்பிள் (பதிவுசெய்த டிரம் ஒலி) தேடிப் போகிறார்கள். பெரும்பாலும் கோளாறு சாம்பிளில் இல்லை. எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்திருக்கும். அல்லது இரண்டு கை, இரண்டு கால் உள்ள ஒருவரால் வாசிக்கவே முடியாததை எழுதியிருப்போம். இந்த இரண்டையும் சரிசெய்ய பியானோ ரோலும் (அடிகளைக் கட்டங்களில் வைத்துத் திருத்தும் திரை) கொஞ்சம் பொறுமையும் போதும். இலவசமாகக் கிடைக்கும் எம்டி பவர் டிரம் கிட் அல்லது டிரம்கிஸ்மோ பிளகினை (இசை மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்) வைத்தே கீழே உள்ளதைச் செய்து பார்க்கலாம்.

எண்கள் எல்லாம் 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 தாள எண்ணிக்கை) வேகத்தில், 4/4 தாளத்தில் வரும் சாதாரண ராக் பீட்டுக்கானவை. ஒரு பாரை (தாளத்தின் ஒரு சுற்றை) 16 கட்டமாகப் பிரித்து, 1 முதல் 16 வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தின் நீளம் 150 மில்லி விநாடி.

முதலில் சாம்பிளைச் சோதியுங்கள்

ஸ்னேரை (அடியில் கம்பிகள் உள்ள சிறிய டிரம்) 16 கட்டத்திலும் வெலாசிட்டி (அடியின் பலம், அதிகபட்சம் 127) 100-இல் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு அடியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், அது தட்டச்சு இயந்திரம் ஓடுவது போலக் கேட்கும். பிளகினில் ரவுண்ட் ராபின் வசதி இருந்தால் இயக்குங்கள். ஒரே பலத்தில் அடித்தாலும் வெவ்வேறு பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கும். இல்லையென்றால் அடுத்தடுத்த அடிகளின் வெலாசிட்டியை 3 முதல் 6 வரை மாற்றி, சுருதியையும் 5 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு ஏற்றி இறக்குங்கள்.

அடுத்து 10, 20, 30 என்று 127 வரை ஏறும் வரிசையில் அதே ஸ்னேரைப் போடுங்கள். எந்த எண்ணில் சத்தம் மட்டுமல்லாமல் ஒலியின் தன்மையே மாறுகிறது என்று குறித்து வையுங்கள். இது சாம்பிள் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். பிறகு நான் சொல்லும் வெலாசிட்டி எண்களை உங்கள் தொகுப்புக்கு ஏற்ப நகர்த்த இந்தக் குறிப்பு கட்டாயம் தேவைப்படும்.

அடிப்படை பீட்

கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1, 9, 11-ஆம் கட்டங்களில். ஸ்னேர் 5, 13-இல். மூடிய ஹை-ஹாட் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைச் சிம்பல்) 1, 3, 5 என ஒற்றைப்படைக் கட்டங்கள் எட்டிலும். ஜெனரல் மிடி வரிசையை (எந்த ஒலிக்கு எந்த நோட்டு எண் என்ற பொது வழக்கை) பின்பற்றும் பிளகினில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹாட் 42, திறந்த ஹாட் 46. சில பிளகின்கள் தங்களுக்கென்று தனி வரிசை வைத்திருக்கும். ஒலி மாறி வந்தால் அங்கே பாருங்கள்.

வெலாசிட்டி: முக்கால்வாசி வேலை இங்கேதான்

ஹை-ஹாட்டில் தொடங்குங்கள். டிரம்மர் தாள எண்ணிக்கை விழும் இடத்தில் குச்சியின் கழுத்துப் பகுதியால் விளிம்பில் அழுத்தி அடிப்பார். இடையில் வருவதைக் குச்சியின் நுனியால் மேலே தட்டுவார். அதனால் ஒன்றுவிட்டு ஒன்று பலம் குறையும். எட்டு ஹாட்டுக்கும் இப்படிக் கொடுத்துப் பாருங்கள்:

95, 68, 90, 65, 97, 70, 88, 74

ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு ஒழுங்குக்குள் இருக்கிறது. அதுதான் முக்கியம்.

ஸ்னேரின் இரண்டு அடிகளும் 108, 113. இவை இரண்டும் அதிகம் வேறுபடக் கூடாது. தேர்ந்த டிரம்மர் இந்த அடியைச் சீராகத்தான் போடுவார். 127 வேண்டவே வேண்டாம். பல தொகுப்புகளில் மேல் அடுக்கு ரிம்ஷாட் (தோலையும் விளிம்பையும் சேர்த்து அடிப்பது) போலச் சுள்ளென்று ஒலிக்கும். அதைப் பாட்டின் உச்சத்துக்கு மிச்சம் வையுங்கள். கிக் 105, 100, 92. ஒரே கால் அடுத்தடுத்து அடிக்கும்போது இரண்டும் ஒரே பலத்தில் வருவது அரிது.

இனி கோஸ்ட் நோட், அதாவது கேட்டும் கேட்காமலும் போகும் மெல்லிய அடி. 8, 10-ஆம் கட்டங்களில் ஸ்னேரை 30, 38 என்று மெதுவாக வையுங்கள். மொத்தக் கலவையில் இவை தனியாகக் காதில் விழக் கூடாது. மியூட் செய்தால் மட்டும் ஏதோ குறைவது தெரிய வேண்டும். தனியாகக் கேட்கிறது என்றால் 5 குறையுங்கள்.

கைகளை எண்ணுங்கள்

ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கை வேலை செய்கிறது என்று பாருங்கள். கிராஷ் (ஓங்கி அடிக்கும் பெரிய சிம்பல்) விழும் கட்டத்தில் ஹாட்டை அழியுங்கள், வலக்கை அங்கே போய்விட்டது. டாம் (ஸ்னேரைப் போலக் கம்பி இல்லாத டிரம்) உருட்டும்போது ஹாட் ஓடக் கூடாது. இடது காலால் மிதிக்கும் பெடல் ஹாட் (44) மட்டும் இருக்கலாம். கிராஷோடு ஒரு கிக்கும் சேர்ந்து விழுவதே வழக்கம். கிக் இல்லாத கிராஷ் அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும்.

திறந்த ஹாட்டைப் போட்டால், அடுத்த மூடிய ஹாட்டோ பெடலோ அதை உடனே நிறுத்த வேண்டும். நிற்காமல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒலித்தால், இரண்டையும் பிளகினில் ஒரே சோக் குழுவில் (ஒன்று ஒலித்தால் மற்றது நின்றுவிடும் குழு) சேருங்கள்.

நேரத்தை நகர்த்துதல்

ஸ்னாப்பை (நோட்டைக் கட்டக் கோட்டில் ஒட்ட வைக்கும் வசதி) அணையுங்கள். கிக்கை கிரிட்டிலேயே, அதாவது கட்டக் கோட்டிலேயே விடுங்கள். ஸ்னேரை 5 முதல் 10 மில்லி விநாடி பின்னால் தள்ளினால் பீட் நிதானமாக உட்காரும். கால் நோட்டுக்கு (நான்கு கட்டம்) 960 டிக் (மென்பொருள் நேரத்தை அளக்கும் சிறு அலகு) என்றால் 8 மில்லி விநாடி சுமார் 13 டிக். 480 என்றால் 6 டிக். வேகம் கூடினால் ஒரு டிக்கின் நீளம் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

எவ்வளவு தள்ளினாலும் பாட்டு முழுக்க ஏறக்குறைய அதே அளவு தள்ளுங்கள். டிரம்மரின் பழக்கம் பாருக்குப் பார் மாறாது. தொடக்கக்காரர்கள் நம்பும் ஹியூமனைஸ் பொத்தான் சறுக்குவதும் இங்கேதான்: அது நோட்டுகளைக் குருட்டாம்போக்கில் சிதறடிக்கும். அதில் 20 மில்லி விநாடி கொடுத்தால், ஒரே நேரத்தில் விழ வேண்டிய ஹாட்டும் ஸ்னேரும் பிரிந்து ஃபிளாம் போல இரட்டையாகக் கேட்கும். கையால் எல்லாம் செய்த பிறகு, கடைசியில் ±3 மில்லி விநாடி, வெலாசிட்டி ±4 போதும்.

கிக்கை நகர்த்தியே தீருவீர்கள் என்றால் பேஸ் கிட்டாரையும் சேர்த்து நகர்த்துங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாமல் அடிப்பாகம் குழம்பும்.

ஃபில்

ஒரு பகுதி முடியும்போது பீட்டை விட்டு விலகி வாசிக்கும் சிறு துண்டுதான் ஃபில். அதற்கு நாலாவது அல்லது எட்டாவது பாரின் கடைசி நான்கு கட்டங்கள் போதும். 13, 14-இல் ஸ்னேர், 15-இல் டாம், 16-இல் ஃபுளோர் டாம். 13, 15-இல் இருந்த ஹாட்டை நீக்கிவிடுங்கள். வலது, இடது என்று கை மாறுவதால் வெலாசிட்டி 104, 92, 108, 95. 14, 15-ஐ மட்டும் 3 முதல் 5 மில்லி விநாடி முன்னால் இழுங்கள். ஃபில்லில் டிரம்மர் கொஞ்சம் அவசரப்படுவது இயல்பு. அடுத்த பாரின் முதல் கட்டத்தில் கிராஷ், கிக்.

எட்டு பாரை அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள். ஒரு பாரில் 10-ஆம் கட்ட கோஸ்ட்டை எடுங்கள், இன்னொன்றில் 15-ஆம் கட்ட ஹாட்டைத் திறந்துவிடுங்கள். பல்லவியில் ஹாட்டிலிருந்து ரைடுக்கு (தாளம் ஓட்டப் பயன்படும் பெரிய சிம்பல்) மாறினால், எழுதிய பீட்டை மாற்றாமலே பாட்டு விரியும்.

மிக்ஸ்

ஓவர்ஹெட் மைக் (கிட்டுக்கு மேலே வைத்த மைக்) சேனலை முதலில் ஏற்றி, அதிலேயே கிட் முழுமையாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு கிக், ஸ்னேர் மைக்குகளைக் கீழிருந்து சேருங்கள். ஸ்னேர் மைக்கில் கசியும் ஹாட் சத்தத்தை முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டாம். கிட் ஒரே அறையில் இருப்பதாகக் காது நம்புவதில் அந்தக் கசிவுக்கும் பங்கு உண்டு. ரூம் மைக் (அறையின் ஒலியைப் பிடிக்கும் மைக்) இல்லாத தொகுப்பு என்றால், 0.4 முதல் 0.8 விநாடி நீளமுள்ள ஒரே ஒரு ரூம் ரிவர்புக்கு (அறையின் எதிரொலிப்பைத் தரும் எஃபெக்ட்) எல்லாத் துண்டையும் அனுப்புங்கள், கிக்கை மட்டும் குறைவாக. ஸ்னேருக்கு ஒரு அரங்கு, டாமுக்கு இன்னொரு அரங்கு என்று வைத்தால் கிட் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும்.

டிரம் பஸ்ஸில் (எல்லா டிரம் சேனலும் சேரும் சேனல்) கம்ப்ரஸர் (உரத்த சத்தத்தை அழுத்தும் கருவி): ரேஷியோ 4:1, அட்டாக் 30 மில்லி விநாடி, ரிலீஸ் 100. கெயின் ரிடக்‌ஷன் (எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும்) முள் 2, 3 டெசிபெலுக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் அழுத்தினால் கோஸ்ட் நோட் எல்லாம் மேலே எழும்பி வந்துவிடும். அப்படி நடந்தால் வெலாசிட்டியைத் தொடாமல் திரெஷோல்டை (கம்ப்ரஸர் அழுத்தத் தொடங்கும் அளவை) உயர்த்துங்கள்.