‘புட் ஓஃப்’ (put off), ‘கோல் ஓஃப்’ (call off): தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் ‘ஓஃப்’ சேர்ந்த வினைகளில் விட்ட அதே பிழைகளைத்தான் புதிதாக வரும் பிள்ளைகளும் விடுகிறார்கள். ஸ்பெல்லிங், இறந்தகாலம் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே தொடவில்லை.

கோல் ஓஃப் என்றால் ஒத்திவைப்பு என்று நினைப்பது

காசைத் தின்னும் பிழை இது. புட் ஓஃப் என்றால் பிற்போடுவது. விஷயம் இன்னொரு நாள் நடக்கும். கோல் ஓஃப் என்றால் இரத்து. ஏற்பாடு அத்தோடு முடிந்தது.

என் மாணவர் ஒருவரின் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து வரப் பிந்தியதால் நாளை மாற்ற வேண்டியிருந்தது. மண்டபத்துக்கு ஈமெயில் போட்டது தம்பிதான்: கல்யாணத்தை ‘கோல் ஓஃப்’ செய்கிறோம், புதுத் திகதியைப் பிறகு அறிவிக்கிறோம் என்று. மண்டபக்காரர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை, பிறகு கேட்ட திகதியும் கிடைக்கவில்லை. சண்டை பிடிக்கவும் வழியில்லை. எழுத்தில் இருப்பது அதுதானே.

எனக்கு இன்றும் கோபம் வருவது, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் நோட்ஸ்கள் மேல்தான். இரண்டுக்கும் ‘நிறுத்துதல்’ என்று ஒரே அர்த்தம் போட்டிருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

வகுப்பில் 2023 ஆசியக் கிண்ணத்தைச் சொல்வேன். செப்டம்பர் 2ஆம் திகதி பல்லேகலையில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் மழையால் முடிவில்லாமல் கைவிடப்பட்டது. அது கோல் ஓஃப். அதே அணிகள் 10ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் ஆடியபோதும் மழைதான், ஆனால் மிச்ச ஆட்டம் மறுநாளுக்குப் போனது. அது புட் ஓஃப். டிக்கெட்டைக் கிழித்துப் போடாதவர்கள் அடுத்த நாளும் உள்ளே போகலாம்.

‘இட்’ வைக்கும் இடம்

நடுவில். ‘புட் இட் ஓஃப்’, ‘கோல் இட் ஓஃப்’.

‘புட்ஸ் மீ ஓஃப்’ என்று கேட்டதும் திகதியைத் தேடுவது

‘தட் ஸ்மெல் புட்ஸ் மீ ஓஃப்’ என்றால் அந்த மணமே எனக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லுமுன் கொஞ்சம் யோசியுங்கள், சமைத்தவர் மனம் நோகும்.

பின்னால் இன்னொரு வினை வந்தால்

‘புட் ஓஃப் கோயிங்’. ‘புட் ஓஃப் டு கோ’ பிழை.