ரோஸ்டர் போடுறவங்களுக்கு: தொடர் ஷிஃப்ட் லிமிட்டும் ரெஸ்ட் நேரமும்

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் குறுவை அறுவடை வந்துட்டா ரைஸ்மில்லுல ராப்பகலா வேலை ஓடும், அப்ப ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட்னு போடுற பட்டியல்) சாஃப்ட்வேர்ல ஷிஃப்ட் நேரத்த மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க. தொடர்ந்து வேலை பாக்குற நாளுக்கு லிமிட் 6னு வைங்க, நைட்டுக்கு தனியா 3 போதும், ரெண்டுக்கும் ஒரே லிமிட் போட்டா ஆறு ராத்திரியும் ஒரே ஆள் தலையில விழும். ரெஸ்ட்ட தேதி கணக்குல வைக்காம மணிக்கணக்குல வைங்க, ஏன்னா நைட் ஷிஃப்ட் காலைல 6 மணிக்கு முடிச்ச ஆளுக்கு அதே நாள் மதியம் 2 மணி ஷிஃப்ட்ட சிஸ்டம் பாட்டுக்கு போட்டுரும், வீட்டுக்குப் போயி குளிச்சு சாப்ட்டு அவங்க எப்ப தூங்குறது? குறைஞ்சது 12 மணி நேரம் குடுங்க.

பிரேக்குக்கு, 5 மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சா வேலை வாங்கக்கூடாது, நடுவுல அரை மணி நேரமாச்சும் விடணும்னு 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இருந்துச்சு, அதுக்கு கீழ போகவே போகாதீங்க.

முக்கியமா மாசம் பொறந்தா தொடர் நாள் கவுண்ட் சைபர்லேருந்து ஆரம்பிக்குதான்னு பாருங்க, அப்படி ஆரம்பிச்சா தப்பு, போன மாசக் கடைசி வாரத்தையும் சேர்த்து எண்ணணும். ரூல வார்னிங்கா விடாம பிளாக்னு (மீறினா சிஸ்டமே தடுக்குற மாதிரி) மாத்துங்க, அறுவடை அவசரத்துல வார்னிங்க யாரும் படிக்கிறதில்ல. ஆளுங்க ஷிஃப்ட் மாத்திக்கிறப்பவும் இதே செக் ஓடுதான்னு டம்மியா ஒரு பேர் போட்டு பாத்துக்குங்க.