முத்துப்பண்ணைக் கயிற்றில் கடலாய்வு: கருவிச் சரம் கட்டுவது முதல் தரவைக் கரைசேர்ப்பது வரை

கரையிலிருந்து தொலைவில் ஒரு கடலாய்வு நிலையம் தொடங்க முத்துப்பண்ணை மிகவும் தோதான இடம். நங்கூரம், மிதவை, படகு, மூழ்கத் தெரிந்த ஆட்கள், ஆண்டு முழுவதும் ஒரே நீரில் தொங்கும் சிப்பிகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அது பலருடைய பிழைப்பு நடக்கும் இடம். அவர்களுடைய வேலையோடு ஒத்துப்போகாத ஆய்வு அங்கே நிலைக்காது.

எனவே கருவியைத் தொடும் முன்பு பண்ணையின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கயிற்றில் எந்தத் தொகுதிச் சிப்பி, எப்போது கரு (முத்து வளரச் சிப்பிக்குள் செருகும் சிறு மணி) வைத்தார்கள், எப்போது பாசி சுரண்டினார்கள், ஒவ்வொரு முறையும் எத்தனை செத்துக் கிடந்தன என்ற நான்கு விவரமும் வேண்டும். செத்த சிப்பியின் எண்ணிக்கை இல்லாவிட்டால், நீங்கள் மூன்று மாதம் எடுக்கும் வெப்ப அளவு வெறும் கோடாகத்தான் இருக்கும். புத்தகத்தை வாரம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். ஈரக் கையால் எழுதிய தாள் நெடுநாள் தாங்காது.

கரு வைத்த சிப்பி முதல் ஆறு வாரம் வரை கருவைத் துப்பிவிடக்கூடும். அந்தக் கயிறுகளைத் தூக்கவோ ஆட்டவோ கூடாது. உங்கள் சரத்தை, அதாவது அளவுக் கருவிகளைக் கட்டித் தொங்கவிடும் கயிற்றை, பழைய தொகுதி தொங்கும் கயிற்றின் ஓரத்தில், பக்கத்துக் கூண்டிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். நீரோட்டத்தில் சரம் சாய்ந்தாலும் கூண்டில் உரசாது.

சரம் கட்டுதல்

10 மி.மீ. கனமுள்ள பாலியெஸ்டர் கயிறு போதும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும், தொய்ந்து படகின் விசிறியில் சுற்றும். அடியில் 5 கிலோ எடை. வெப்பப் பதிவுக் கருவிகள் 2 மீட்டரிலும், சிப்பிகள் தொங்கும் ஆழத்திலும், தரைக்கு ஒரு மீட்டர் மேலேயும் வேண்டும். சிப்பி ஆழத்தில் இருப்பதோடு ஓர் அழுத்தக் கருவியையும் கட்டாயம் சேர்த்துக் கட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். சிப்பி வளர வளர, மேலே கொட்டலசும் கடற்பாசியும் ஏற ஏற, கூண்டுகள் தொங்கும் நெடுங்கயிறு கனத்து இறங்கும். 6 மீட்டரில் கட்டிய கருவி இரண்டு மாதத்தில் 9 மீட்டரில் இருக்கக்கூடும். அழுத்த அளவு இல்லையென்றால் நீர் குளிர்ந்ததா, கருவி இறங்கியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பதிவு இடைவெளி 15 நிமிடம் வைத்தால் நாளுக்கு 96 பதிவு, 90 நாளுக்கு 8,640. சாதாரணக் கருவியின் நினைவகத்தில் இது தாராளமாக அடங்கும். ஒரு மணி நேர இடைவெளி வைத்தால், ஓதத்தோடு வந்து அரை மணியில் போய்விடும் குளிர்நீர் பதிவில் சிக்காது.

இறக்கும் முன் எல்லாக் கருவிகளையும் ஒன்றாகச் சரிபார்க்க வேண்டும். நன்னீர்ப் பனிக்கட்டியை நொறுக்கித் தெர்மோஸில் நிரப்பி, இடைவெளி நிறையுமளவு நன்னீர் ஊற்றி, கருவிகளை முழுக்கி, அவ்வப்போது கலக்கியபடி அரை மணி வைத்திருங்கள். 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். எது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று கருவி எண்ணோடு எழுதுங்கள். சரத்தை மேலே எடுத்த பிறகும் இதையே செய்தால்தான் இடையில் கருவி காட்டும் அளவு விலகியிருக்கிறதா என்பது தெரியும்.

மூடியைப் பூட்டும்போது ரப்பர் வளையத்தை விரல் நுனியால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். ஒற்றைத் தலைமுடியோ மணல் துகளோ போதும், அந்த இடத்தில் நீர் கசியும். சிலிக்கான் கிரீஸை வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். அப்பினால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும்.

ஷேக்கிளின் (கயிற்றையும் சங்கிலியையும் இணைக்கும் வளைவுக் கொக்கியின்) திருகைக் கம்பியால் கட்டிப் பூட்டுங்கள், இல்லையேல் அலை ஆட்டத்தில் தானே கழன்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு ஷேக்கிளைத் துத்தநாகம் பூசிய சங்கிலியில் மாட்ட வேண்டாம், சங்கிலி வேகமாக அரித்துப்போகும். வெள்ளை கேபிள் டை வெயிலில் நொறுங்கும். கருப்பு டை இரண்டிரண்டாகப் போடுங்கள். சரத்தின் தலையில் பண்ணை பயன்படுத்தாத நிறத்தில் ஒரு சிறு மிதவை வேண்டும். அடையாளமில்லாத கயிற்றைப் பணியாளர்கள் வெட்டி எறிந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பாசி ஏறாமலிருக்கக் கருவியின் உணரியைச் சுற்றிச் செம்புப் பட்டை ஒட்டலாம், உடல் அலுமினியமாக இருந்தால் கூடாது. செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணத்தைப் பண்ணை நீரில் எதற்கும் பூசாதீர்கள். செம்பு சிப்பிக் குஞ்சுகளுக்கு நஞ்சு.

நீர் அளவும் மாதிரியும்

கரைந்த ஆக்சிஜனை விடியலுக்குச் சற்று முன் அளக்க வேண்டும். இரவெல்லாம் எல்லா உயிரும் சுவாசித்து, ஒளிச்சேர்க்கை தொடங்காத அந்த நேரத்தில்தான் அளவு மிகக் கீழே இருக்கும். நண்பகலில் மட்டும் அளந்துவிட்டு நீர் நன்றாயிருக்கிறது என்று எழுதுவது பெரும் பிழை. நீரின் தெளிவை அளக்க இறக்கும் செக்கி வட்டு நேர்மாறானது: சூரியன் உயர்ந்திருக்கும்போது, படகின் நிழல் பக்கத்தில் இறக்குங்கள். கடலுக்கு 30 செ.மீ. வெள்ளை வட்டு.

பச்சையம் அளக்கத் தெளிந்த நீரானால் 1 முதல் 2 லிட்டர் வரை 0.7 மைக்ரான் கண்ணாடியிழை வடிதாளில், மங்கிய வெளிச்சத்தில், மென்மையான உறிஞ்சலில் வடிகட்டுங்கள். உறிஞ்சல் கூடினால் செல்கள் உடைந்து பச்சையம் தாளைத் தாண்டிப் போகும். தாளை மடித்து அலுமினியத் தாளில் சுற்றி உடனே உறையவையுங்கள். வடிகட்டிய அளவைப் பொதியின் மேலேயே எழுதுங்கள். அது தெரியாத மாதிரியால் பயனில்லை. மிதவையுயிரி மாதிரி கெடாமலிருக்க லூகால் கரைசலை (அயோடின் கரைசல்) இளந்தேநீர் நிறம் வருமளவு விட்டு இருட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து, நிறம் வெளுத்திருந்தால் சில துளி சேருங்கள். மரபணு மாதிரிக்கு 95 சதவீத எத்தனால், திசுவின் பருமனுக்கு மூன்று மடங்காவது.

மின்சாரம்

உறைபெட்டிக்கு நாளுக்குச் சுமார் 600 வாட்-மணி, மடிக்கணினிக்கு 200, வடிகட்டும் பம்புக்கு 100, விளக்குக்கும் வானொலிக்கும் 100 என்று வைத்தால் 1,000 வாட்-மணி. ஐந்து மணி நல்ல வெயிலும் 70 சதவீதப் பயனும் கணக்கிட்டால் 290 வாட் சூரியப்பலகை போதும் என்று வரும். மேகம் கவிந்த நாளையும் பலகையில் படியும் உப்பையும் எண்ணி 400 வாட் போடுங்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் இரண்டு நாள் தாங்கும். உறைபெட்டிக்குத் தனி உருகி வேண்டும். பம்பில் கோளாறு வந்தால் மாதிரிகள் உருகிவிடக் கூடாது.

நோயைச் சுமந்து வராதிருக்க

வேறு நீரில் பட்ட வலை, கையுறை, மூழ்கு உடை எதுவும் நன்னீரில் கழுவி முழுக்க உலராமல் பண்ணை நீரைத் தொடக்கூடாது. உயிருள்ள சிப்பியை இடம்விட்டு இடம் மாற்றவே வேண்டாம். சுரண்டிய கழிவைக் கூண்டுகளுக்கு அடியில் கொட்டாமல் கரைக்குக் கொண்டுபோங்கள். அடியில் அழுகும் கழிவு தரையருகே ஆக்சிஜனைத் தின்றுவிடும், உடைந்த துண்டுகளிலிருந்து சில உயிரிகள் மறுபடி முளைத்து ஏறும்.

மேலே எடுக்கும் நாள்

முடிந்தவரை மூழ்காமல் படகிலிருந்தே தூக்குங்கள். மூழ்கத்தான் வேண்டுமென்றால் தனியாக இறங்காதீர்கள். நீரைவிட்டு வெளிவந்த நிமிடத்தை யு.டி.சி. (உலகப் பொது நேரம்) நேரத்தில் குறியுங்கள், இல்லையேல் படகின் வெயில் கடலின் வெப்பமாகத் தரவில் நுழைந்துவிடும். துடைக்கும் முன் ஒவ்வொரு கருவியையும் அளவுகோலோடு படம் எடுங்கள். ஏறியிருக்கும் பாசியும் ஒரு தரவுதான். பிறகு பனிக்கட்டிச் சோதனை, அதன்பின் தரவிறக்கம். இரண்டு பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கருவியின் நினைவகத்தை அழியுங்கள். ஒரு பிரதி நிலையத்தில் இருக்கட்டும், மற்றொன்று அடுத்த படகிலேயே கரைக்குப் போகட்டும்.