வெயிலூரில் நோர்வே பீர்: வாங்குவது, வைப்பது, ஊற்றுவது

நோர்வே கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகள் செய்யும் பீர்) வாங்கும்போது டின்னில் இருக்கும் படத்தை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம். முதலில் அல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள், அடுத்து தேதியைப் பாருங்கள். நம் மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பாடாங் செராய் போன்ற தோட்டப்புற ஊர்களில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய பீர் நம் வீட்டு ஐஸ்பெட்டிக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு சூடு பட்டது என்பதைப் பொறுத்துத்தான் அதன் சுவை இருக்கும். அந்தச் சூட்டை எந்த பீர் தாங்கும், எது தாங்காது என்பதை அந்தச் சதவீதமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

நோர்வேயில் மளிகைக் கடைகள் 4.7 சதவீதம் வரை உள்ள பீரைத்தான் விற்கலாம். அதற்கு மேற்பட்டதை, மதுக்கூடங்களைத் தவிர்த்தால், 1922ல் தொடங்கிய வின்மோனோபோலே என்ற அரசுக் கடைகளில்தான் பெரும்பாலும் வாங்க முடியும். 1975 முதல் மது விளம்பரத்துக்கும் தடை. அதனால் பல பீர் ஆலைகள் மளிகைக் கடைக்கு ஒன்று, அரசுக் கடைக்கு ஒன்று என்று இரண்டு விதமான பீரை வைத்துக்கொண்டுதான் பிழைக்கின்றன. ஸ்தவாங்கர் நகரத்து லெர்விக் ஆலையின் லக்கி ஜாக் என்ற பேல் ஏலில் (வெளிர் நிற பீர் வகை) 4.7 என்று போட்டிருப்பது இந்தச் சட்டத்தை ஒட்டித்தான். மளிகைக் கடைத் தட்டில் வேகமாக விற்று, புதிதாகவே குடித்து முடிப்பதற்காகச் செய்த பீர் அது. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனைதான் அதற்கு உயிர். அந்த வாசனைதான் சூட்டில் முதலில் போகும்.

கிரிம்ஸ்டாடில் 2002ல் தொடங்கிய நோக்னே ஓ ஆலையின் கதை வேறு. அந்நாட்டில் கிராஃப்ட் பீர் வேரூன்றியதில் இந்த ஆலைக்குப் பெரிய பங்கு உண்டு. 2013ல் ஹன்சா போர்க் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. நோக்னே ஓவின் போர்ட்டர் என்ற கருப்பு பீர் 7 சதவீதம், அதைவிடக் கனமான இம்பீரியல் ஸ்டவுட் 9 சதவீதம். ஃப்லோம் கிராமத்து ஏகிர் ஆலையின் நாட் என்ற இம்பீரியல் போர்ட்டர் 10 சதவீதம். லெர்விக்கின் திரீ பீன் ஸ்டவுட் 13 சதவீதம். இவற்றின் கருமை வறுத்த மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய பார்லி) வருவது. அந்த மால்ட்டும் அதிக அல்கஹாலும் சேர்ந்து பீரை ஓரளவு காப்பாற்றுகின்றன. ஆக்சிஜன் பட்டு மெதுவாகப் பழசானாலும் உலர்திராட்சை, கருப்பட்டி போன்ற சுவைதான் கூடும். பேல் ஏல் பழசானால் நனைந்த அட்டை வாசம் அடிக்கும்.

விடியலில் இறக்கிய கள்ளுக்கும் பொழுது சாய்ந்த பிறகு குடிக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 4.7 சதவீத பேல் ஏலையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். புதிதாகக் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எந்த ஆலையின் பீர் எந்தக் கடைக்கு வரும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே பெயரைத் தேடி அலைவதைவிட வகையைத் தேடுவது நல்லது. கருப்பு பீர், 7 சதவீதத்துக்கு மேல் என்றால் தைரியமாக எடுக்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

டின்னாக இருந்தால் தேதி அடியில் இருக்கும். போத்தலில் கழுத்திலோ லேபிள் ஓரத்திலோ இருக்கும். நோர்வே மொழியில் 'தாப்பெட்' என்று போட்டிருந்தால் அது அடைத்த நாள். 'பெஸ்ட்' என்று தொடங்கினால் அது எந்த நாள்வரை நன்றாக இருக்கும் என்பது. நம்மைப்போலவே நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைதான். இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கர் தேதியை மறைத்திருந்தால் கடைக்காரரிடமே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அடைத்து மூன்று மாதம் தாண்டிய பேல் ஏலும் ஐபிஏவும் (ஹாப்ஸ் தூக்கலான ஏல்) நம் ஊருக்கு வேண்டாம். இம்பீரியல் ஸ்டவுட் ஓராண்டு ஆகியிருந்தாலும் குறையில்லை.

மூடி துருப்பிடித்திருந்தாலோ, டின்னின் மேல்தகடு உப்பியிருந்தாலோ, மூடிக்குக் கீழே பிசுபிசுவென்று கசிந்த தடம் இருந்தாலோ எடுக்காதீர்கள். வாசலோரம் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் இருக்கும் பச்சை போத்தலையும் விட்டுவிடுங்கள். வெளிச்சம் ஹாப்ஸிலுள்ள கசப்புப் பொருளைச் சிதைத்து ஒரு கெட்ட நாற்றத்தை உண்டாக்கும். அதற்குச் சில நிமிட நேரடி வெயிலே போதும். பழுப்புப் போத்தல் பெரும்பாலான வெளிச்சத்தைத் தடுக்கும். டின் முழுவதும் தடுக்கும்.

இங்கே கலால் வரி அல்கஹால் அளவை ஒட்டியது. அதனால் 13 சதவீத டின்னின் விலை மலைக்க வைக்கும். அதை ஒருவரே குடிக்கத் தேவையில்லை, நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். அளவைக் கீழே சொல்கிறேன்.

க்வைக் என்று எழுதியிருந்தால்

இதில்தான் நம் ஊரில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். க்வைக் என்பது மேற்கு நோர்வேப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த, பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட். வோஸ், ஹோர்னின்டால், ஸ்ட்ராண்டா பகுதிகளில் அதைத் துணியிலும் துளையிட்ட கட்டைகளிலும் மரவளையங்களிலும் காயவைத்துப் பாதுகாத்தார்கள். சாதாரண ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி செல்சியஸில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சூடு ஏறினால் காட்டமான ஆல்கஹால்களை உண்டாக்கிவிடும். க்வைக் 30 முதல் 40 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் நொதித்து முடித்துவிடும், சுவையும் கெடாது. வோஸ் வகை ஆரஞ்சுத் தோல் வாசனை தரும்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் இந்த பீர் நம் வெயிலைத் தாங்கும்" என்று நினைப்பது தவறு. சூட்டைத் தாங்குவது ஈஸ்ட். அது தன் வேலையை முடித்த பிறகு டின்னில் இருக்கும் மால்ட்டும் ஹாப்ஸும் மற்ற பீரைப் போலத்தான் கெடும். 'ரோ ஓல்' எனப்படும் கொதிக்க வைக்காத பண்ணை பீர் இன்னும் மென்மையானது. கொதிக்க வைக்காததால் புரதம் அப்படியே தங்கி, பால்போல் கலங்கலாக இருக்கும், சீக்கிரம் கெடும். அது கண்ணில் பட்டால் குளிர்பெட்டியில் இருந்ததா என்று கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் வாங்கி, அந்த வாரமே குடித்துவிடுங்கள்.

(க்வைக் ஈஸ்ட் இங்கேயும் பொட்டலமாகக் கிடைக்கிறதே, நாமே வடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும். இந்தக் குறிப்பு வாங்கிக் குடிப்பவர்களுக்கு மட்டும்.)

வழியிலும் வீட்டிலும்

பீர்த் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். இந்த மூன்றும் பீருக்கு ஏறத்தாழ ஒரே அளவு கேடு செய்யும். தகரக் கூரை வீட்டில் பிற்பகலில் எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை கூடத்தில் வைத்த பேல் ஏல் வியாழனன்று குடிக்கத் தகுந்ததாக இருக்காது.

கோலாலம்பூரில் வாங்கினால் சுங்கை சிப்புட்டுக்குக் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பின் பூட் வேண்டாம், அங்கே சூடு கொதிக்கும். மீன் வாங்கப் போகும் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் ஐஸ் பை இரண்டைப் போட்டு, இருக்கைக்குக் கீழே, ஏர்கோன் படும் இடத்தில் வையுங்கள். கூரியரில் வரவழைப்பவர்கள் திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்பச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் வெந்துகொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நேரே ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும் கதவுத் தட்டு வேண்டாம். பேல் ஏலுக்கு உள்ளே, பின்பக்கம். ஸ்டவுட்டுக்குக் காய்கறி வைக்கும் கீழ்ப்பெட்டி போதும். போத்தல்களைப் படுக்க வைக்காதீர்கள். நோக்னே ஓ, ஃப்ளோரோ ஊரின் கின் போன்ற ஆலைகள் போத்தலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கவிட்டு அடைப்பவை. அடியில் ஈஸ்ட் மண்டி இருக்கும். இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தால் அது நன்றாகப் படியும். பஸ்ஸில் குலுங்கி வந்த போத்தலை அன்றே திறந்தால் பாதி மேசையில் வழியும். கலங்கிய மண்டியைப் பிடித்துக்கொண்டு வாயு ஒரே மூச்சாக வெளியேறுவதுதான் காரணம். ஒருநாள் குளிரில் வைத்தால் வாயு மறுபடி பீரில் கரைந்து அடங்கும்.

அவசரமாகக் குளிர வைக்க வேண்டுமானால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. 330 மில்லி டின் கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும், அரை லிட்டர் போத்தலுக்கு அரை மணி நேரம். தண்ணீரில்லாமல் வெறும் ஐஸில் புதைத்தால் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் நேரமாகும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் டின் வெடிக்கும்.

ஊற்றும்போது

மேலைநாட்டுக் குறிப்புகள் ஸ்டவுட்டை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து முக்கால் மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும். 31 டிகிரி அறையில் அப்படிச் செய்தால் வெதுவெதுப்பான சாராய நெடிதான் மிஞ்சும். நமக்குக் கால் மணி நேரம் போதும், 12 முதல் 14 டிகிரிக்கு வந்துவிடும். பேல் ஏலை 6 முதல் 8 டிகிரியில், அதாவது எடுத்த ஐந்து நிமிடத்தில் ஊற்றலாம். க்வைக் பீருக்கும், டிராமன் நகரத்து ஹோன்பிரிகெரியே ஆலை செய்துவந்தது போன்ற, புகையும் ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் மணமும் கலந்த பீருக்கும் இடைப்பட்ட குளிர்.

நுரை நிற்கவில்லை என்று பீரைக் குறை சொல்லும் முன் கிளாஸைப் பாருங்கள். கறிச்சட்டி தேய்த்த ஸ்பாஞ்சில் கழுவிய கிளாஸில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும், அது நுரையைக் கொன்றுவிடும். பீர் கிளாஸுக்குத் தனி ஸ்பாஞ்ச் வையுங்கள். சுடுதண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோடா உப்பு போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். சுத்தமா என்று தெரிய வேண்டுமா? ஈரக் கிளாஸின் உட்புறம் உப்புத்தூளைத் தூவுங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் உப்பு ஒட்டாது. கிளாஸை ஃப்ரீசரில் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். உள்ளே உறையும் பனியால் நுரை தாறுமாறாகப் பொங்கும், நாக்கும் மரத்துப்போகும்.

சாய்த்துப் பிடித்து அரைக் கிளாஸ் ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் நுரை வரும். மண்டி உள்ள போத்தலில் கடைசி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். நடுவில் நிறுத்தி நிமிர்த்தாமல் எல்லாக் கிளாஸுக்கும் ஒரே சாய்ப்பில் ஊற்றினால்தான் மண்டி கலங்காது.

லேசானதிலிருந்து கனமானதற்குப் போங்கள். பேல் ஏல், க்வைக், புகை பீர், கடைசியில் ஸ்டவுட். 330 மில்லி ஸ்டவுட்டை நாலு பேருக்கு 80 மில்லி வீதம் பங்கிடுங்கள். 13 சதவீத டின் ஒன்றில் ஏறக்குறைய 43 மில்லி சுத்த அல்கஹால் இருக்கிறது, அதே அளவு லக்கி ஜாக் டின்னில் 15.5 மில்லிதான். இனிப்பாக இருப்பதால் இந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது. இருட்டில் செம்பனைக்கு நடுவே மோட்டாரில் வீடு திரும்ப வேண்டியவர் இந்த மேசையில் உட்காரக் கூடாது. 2020 முதல் சட்டமும் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று இறுக்கிவிட்டது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்பதும் குற்றம்.

தொட்டுக்கொள்ள என்ன? காரம் அதிகமுள்ள ஆட்டிறைச்சிப் பிரட்டலையும் நெத்திலி சம்பலையும் ஐபிஏவோடு வைக்காதீர்கள். ஹாப்ஸ் கசப்பும் மிளகாய் எரிச்சலும் ஒன்றையொன்று தூண்டி வாயைப் புண்ணாக்கும். 10 சதவீத ஸ்டவுட்டும் காரத்தைக் கிளறிவிடும். அதற்கு அதிரசம் வையுங்கள், அல்லது சூடான வாழைப்பழப் பொரியல். வெல்லத்தின் இனிப்பும் வறுத்த மால்ட்டின் கசப்பும் அழகாகச் சேரும். பொரித்த கருவாட்டுக்குப் புகை பீர். ஸ்டியோர்டால் பகுதியில் ஆல்டர் மரப் புகையில் மால்ட்டை உலர்த்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் புகைக்கும் கருவாட்டு உப்புக்கும் அத்தனை பொருத்தம். பொரித்த மீனுக்கும் முறுக்குக்கும் ஆரஞ்சு வாசமுள்ள க்வைக்.

ஸ்டவுட் மிஞ்சினால் கொட்ட வேண்டாம். சுத்தமான சிறிய சோடா போத்தலில் கழுத்துவரை நிரப்பி, காற்று தங்காதபடி இறுக மூடி ஐஸ்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். பேல் ஏல் தாங்காது, திறந்ததை அன்றே முடித்துவிடுங்கள்.