வேலூரிலிருந்து முதல் ராக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

அரையாண்டு விடுமுறை தொடங்கியதிலிருந்து பொங்கல் முடியும்வரை பெரிய அரங்குகளில் ராக் கச்சேரிகள் அடுத்தடுத்து அறிவிக்கப்படுகின்றன. வேலூர்க்காரர்கள் கல்லூரி விழாக்களின் திறந்தவெளி மேடைகளைப் பார்த்திருப்போம். ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் எடுத்து உட்காரும் அரங்குக்கோ சென்னைக்கு அல்லது பெங்களூருக்குத்தான் போகவேண்டும். இதுவரை போகாதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். போய்ப் பார்த்தே ஆகவேண்டிய அனுபவம் இது என்று முழுமனதாக நம்புகிறேன்.

முதல் படி: திரும்பும் வழியை முடிவு செய்யுங்கள்

சென்னையில் இருப்பவர் டிக்கெட்டிலிருந்து தொடங்கலாம். நாம் திரும்பும் ரயிலிலிருந்து தொடங்கவேண்டும். வீட்டுக்கு எப்படிப் போவது என்ற கவலை இருந்தால் கடைசி நான்கு பாடல்களில் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். பெரும்பாலான குழுக்கள் தங்கள் மிகச் சிறந்த பாடல்களை அந்த நேரத்துக்குத்தான் எடுத்து வைத்திருப்பார்கள்.

கச்சேரி எப்போது முடியும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்டிகை நாட்களில் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், ஆனால் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் முடியாது. எனவே மைதானக் கச்சேரி பெரும்பாலும் பத்து மணியோடு முடிந்துவிடும். மூடிய அரங்குக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. அங்கே நிகழ்ச்சி நீளக்கூடும்.

சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு ரயில் தூரம் 130 கிலோமீட்டர், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பெங்களூரு மெயிலும் ஏற்காடு எக்ஸ்பிரஸும் இரவு பதினொரு மணியை ஒட்டிக் கிளம்புகின்றன. நேரங்கள் மாறக்கூடியவை, பயணத்துக்கு முன் சரிபாருங்கள். கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வழியாக வரும் மின்சார ரயில் மாலையிலேயே புறப்பட்டுவிடுவதால் நமக்குப் பயன்படாது. ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்தவர்கள் தங்கள் இரவு ரயில் வாலாஜா ரோட்டில் நிற்குமா என்று பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது, விடுமுறை வாரத்தில் இடம் மளமளவென்று தீர்ந்துவிடும். பஸ்ஸில் வருவதானால் வேலூர் வண்டிகள் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகின்றன என்று அதே வாரத்தில் விசாரியுங்கள். கடந்த சில ஆண்டுகளில் சென்னையின் பஸ் நிலையங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

சிறு பிள்ளைகளோடு போகிறீர்களா? இரவே திரும்பவேண்டாம். சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் தங்கிவிட்டுக் காலை ரயிலில் வாருங்கள்.

இரண்டாம் படி: எந்த அரங்கு, எந்த இடம்

வேலூரிலிருந்து போகிறவர்களுக்குப் பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் மிக வசதி. சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் என்றால் நந்தனம் மெட்ரோவில் ஏறி, வண்டி மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பவற்றை முதல் கச்சேரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். 2023 செப்டம்பரில் பனையூரில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்த பலர் நெரிசலில் உள்ளே போகவே முடியவில்லை.

கனமான ராக், மெட்டல் பிடித்தவர்களுக்குப் பெங்களூரு பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். புகழ்பெற்ற மெட்டல் குழுக்களான அயர்ன் மெய்டன் 2007-இலும், மெட்டாலிகா 2011-இலும் வாசித்தது அங்கே பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்தில்தான். திரும்புவதற்குச் சென்னை மெயில் இருக்கிறது. காட்பாடியில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

இனி இருக்கை. மேடைக்கு நேர் முன்னால் நிற்கும் பகுதி விலையும் அதிகம், நெரிசலும் அதிகம். முதல் முறைக்கு அது வேண்டாம். அரங்கின் வரைபடத்தில் ஒலிக்கலவைப் பொறியாளரின் மேசையைத் தேடுங்கள். வழக்கமாக மேடைக்கு எதிரே, தரைத்தளத்தின் நடுவில் அல்லது சற்றுப் பின்னால் இருக்கும். அவர் அங்கே உட்கார்ந்து கேட்டுத்தான் ஒவ்வொரு கருவியின் அளவையும் கூட்டிக் குறைக்கிறார். அவர் காதுக்கு எது சரியோ, அதுதான் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும். மேசைக்குப் பின்னால் சில வரிசைகள் தள்ளி, சற்று உயரமான இருக்கை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். தகரக் கூரையும் கான்கிரீட் சுவரும் உள்ள அரங்கில் மூலைகளையும் கடைசிச் சுவரை ஒட்டிய வரிசையையும் தவிருங்கள். அங்கே தாழ்ந்த சுருதி ஒலிகள் குவிந்து, பாடகரின் சொற்களை அமுக்கிவிடும். மேல்தளத்தின் கோடியில் உட்கார்ந்தால் இன்னொன்றும் தெரியும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் பயணிக்கிறது. எனவே 100 மீட்டர் தள்ளியிருப்பவர் கண்ணுக்கு டிரம்மரின் குச்சி விழுந்து கால் விநாடிக்குமேல் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும்.

டிக்கெட்டை அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். வரியும் சேவைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் சேரும்.

மூன்றாம் படி: ஒரு வாரம் கேட்டுப் பழகுங்கள்

முன்பின் கேட்டிராத பாடல், பெரிய அரங்கில் வெறும் இரைச்சலாகத் தோன்றக்கூடும். அந்தக் குழு அண்மையில் மேடையேற்றிய பாடல்களின் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். அதிலிருந்து பத்துப் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, மேடைப் பதிவுகளாகவே கேளுங்கள். முதலில் டிரம்ஸையும், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரையும் மட்டும் பின்தொடருங்கள். நாதஸ்வரத்துக்குத் தவில் செய்வதைத்தான் அவை இங்கே செய்கின்றன. அந்தப் பிடிமானம் காதில் பதிந்துவிட்டால், மேலே கிட்டார் எங்கெல்லாம் பறக்கிறது என்பது தானாகப் புரியும்.

கிறிஸ்துமஸ் வாரக் கச்சேரிகளில் கரோல் மெட்டுகளை ராக் வடிவில் வாசிப்பதும் உண்டு. டிசம்பர் இரவுகளில் வீடு வீடாக வரும் கரோல் குழுக்களை வேலூரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மெட்டுகள் புதியவை அல்ல. முதல் கச்சேரிக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: காதுகளைக் காப்பாற்றுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சத்தத்தின் அளவை டெசிபெல் என்ற அலகில் சொல்வார்கள். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழில்நல நிபுணர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான் மிஞ்சுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையும் கச்சேரிகளுக்கு 15 நிமிட சராசரியாக 100 டெசிபெல் என்பதையே உச்சவரம்பாக வைக்கிறது. கச்சேரியோ இரண்டு மணி நேரத்துக்குமேல் நடக்கிறது. உள்காதின் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

நுரை காதடைப்பான் ஒரு ஜோடி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விரல்களால் உருட்டி மெல்லிய திரிபோல ஆக்குங்கள். மறு கையால் காதின் மேல்நுனியைச் சற்று மேலே இழுத்துப் பிடித்து, அடைப்பானை உள்ளே செலுத்துங்கள். அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். பஞ்சு போதாது. குழந்தைகளுக்குக் காதை முழுவதும் மூடும் கவசம் வேண்டும், ஒலிபெருக்கிக்கு அருகில் அவர்களை உட்கார வைக்கவே கூடாது.

ஐந்தாம் படி: புறப்படும் நாள்

பெரிய பை வேண்டாம். தண்ணீர் பாட்டில், குடை, ஹெல்மெட், பவர் பேங்க், பெரிய கேமரா ஆகியவற்றைப் பல அரங்குகளில் வாயிலிலேயே தடுத்துவிடுவார்கள். மூட்டை இருந்தால் சென்ட்ரலின் பொருள் காப்பறையில் வையுங்கள். டிசம்பரில் சென்னையில் மழை பெய்யலாம் என்பதால் மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் மழையங்கி நல்லது. காட்பாடியில் இறங்கும்போது குளிரும், மெல்லிய ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். உட்புகும்முன் வயிறார உண்டுவிடுங்கள்.

டிக்கெட்டைப் படமாகச் சேமித்து வையுங்கள். கூட்டத்தில் செல்பேசித் தொடர்பு திணறும். உடன் வந்தவர்கள் பிரிந்தால் எங்கே சேர்வது என்று வாயிலுக்கு வெளியே ஓர் இடத்தைப் பேசி வையுங்கள்.

ஆறாம் படி: அரங்கில்

கதவு திறந்ததுமே உள்ளே போய், உங்கள் இருக்கைக்கு அருகில் உள்ள இரண்டு வெளியேறும் வழிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் ஒரு சிறிய குழு வாசிக்கும். அவர்களை மரியாதையோடு கேளுங்கள். பிறகு மேடையை மாற்றும் இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள்.

முதல் இரண்டு பாடல்களில் ஒலி கலங்கலாக இருந்தால் பொறுங்கள். மனித உடல்கள் ஒலியை உறிஞ்சுகின்றன. காலி அரங்கில் சரிபார்த்த அளவுகளைக் கூட்டம் நிறைந்த பிறகு பொறியாளர் மறுபடியும் திருத்தவேண்டியிருக்கிறது. அதன்பின் ஒரு கட்டத்தில் எல்லாக் கருவிகளும் தனித்தனியாகவும் ஒன்றாகவும் விளங்கத் தொடங்கும். அப்போது செல்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பேஸ் கிட்டாரின் ஒலி நெஞ்சுக்கூட்டில் அதிர்வதை எந்தப் பதிவும் வீட்டுக்குக் கொண்டுவராது.

கூட்டம் தள்ளினால் இரண்டு முன்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, அலை தளரும் நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள்.

ஏழாம் படி: வீடு

பதினொரு மணி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால், கடைசிப் பாடல் முடிந்ததும் நேரே வெளியேறுங்கள். அதிகாலையானாலும் காட்பாடியில் ஆட்டோ கிடைக்கும். சிஎம்சி மருத்துவமனைக்கு வருபவர்கள் எந்நேரமும் வந்து இறங்கும் நிலையம் அது. கட்டணத்தை ஏறும்முன் பேசிவிடுங்கள்.

மறுநாள் காதில் மெல்லிய ரீங்காரம் கேட்டால் ஹெட்போனைத் தொடாமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டு நாட்களுக்குமேல் நீடித்தாலோ, ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.