பிங், ட்ரேஸ்ரூட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்முனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் போகவில்லை என்றதும் எதிர்முனை சர்வர் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பிழைச் செய்தியை அனுப்பியது எந்த ஐபி என்று முதலில் பாருங்கள். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்ற வரியில் உங்கள் ஐபியே இருந்தால், பாக்கெட் உங்கள் மெஷினைத் தாண்டவே இல்லை. ஏஆர்பி (உள் நெட்வொர்க்கில் ஒரு ஐபிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கேட்பது) கேள்விக்குப் பதில் வராததுதான் காரணம். லினக்ஸில் ‘ஐபி ரூட் கெட்’ (ip route get) என்று அடித்து, சேருமிட முகவரியைக் கொடுத்தால் எந்த இன்டர்ஃபேஸ், எந்த கேட்வே (வெளியே அனுப்பும் ரவுட்டர்) என்று காட்டும். ‘ஐபி நெய்’ (ip neigh) காட்டும் ஏஆர்பி பட்டியலில் அந்த கேட்வே ‘ஃபெயில்ட்’ என்றிருந்தால் கேபிள், விலேன் (VLAN, சுவிட்ச்சில் பிரித்த தனி நெட்வொர்க்), சப்நெட் மாஸ்க் (எந்த ஐபிகள் உள் நெட்வொர்க் என்று சொல்வது) பக்கம் போங்கள்.

‘டைம் டு லிவ் எக்ஸீடட்’ என்று வந்தால் கதை வேறு. பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்னும் டிடிஎல் எண்ணை ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும். பூஜ்ஜியமானால் பாக்கெட்டை அங்கேயே தூக்கிப் போட்டுவிடும். லினக்ஸ் 64இல் தொடங்குகிறது, சாதாரணப் பாதைக்கு அது தாராளம். அதை 255 ஆக உயர்த்துவது வீண் வேலை. வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் இரண்டு ஐபிகள் மாறி மாறி வந்தால் அது ரூட்டிங் லூப். திருத்த வேண்டியது அந்த ரவுட்டர்களின் ரூட்டிங் டேபிளை. ஒரே பாக்கெட்டைப் பலருக்கு அனுப்பும் மல்ட்டிகாஸ்ட் மட்டும் விலக்கு: அதன் இயல்பான டிடிஎல் 1, புரோகிராம் உயர்த்தாவிட்டால் முதல் ரவுட்டரோடு நின்றுவிடும்.

பதிலில் தெரியும் டிடிஎல் 52 என்றால், 64இல் தொடங்கியதாகக் கொண்டு 12 ஹாப் (ரவுட்டர் தாண்டல்) எனலாம். ஆனால் அது திரும்பி வந்த பாதை. போன பாதை வேறாக இருக்கலாம்.

ஸ்கிரிப்ட்டை அப்படியே நகலெடுப்பவர்கள் சிக்கும் இடம்: லினக்ஸில் பிங்குக்கு ‘-டி 5’ (சிறிய எழுத்து, -t 5) கொடுத்தால் டிடிஎல் 5. மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டியில் அதுவே 5 விநாடியில் நிறுத்து என்று பொருள். அங்கே டிடிஎல்லுக்கு ‘-எம்’ (-m).

ட்ரேஸ்ரூட்டில் நடுவே மூன்று நட்சத்திரம் விழுந்தால் பதற வேண்டாம். அடுத்த ஹாப்கள் பதில் சொன்னால் பாக்கெட் கடந்து போகிறது. அந்த ரவுட்டர் ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் செல்லும் நெறிமுறை) பதிலைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. எம்டிஆரில் (பிங்கும் ட்ரேஸ்ரூட்டும் சேர்ந்த கருவி) ஒரே ஹாப்பில் மட்டும் தெரியும் இழப்பும் அப்படித்தான். கடைசி ஹாப் வரை தொடர்ந்தால்தான் நிஜமான இழப்பு.

கடைசி வரை நட்சத்திரமே என்றால், யூனிக்ஸ் ட்ரேஸ்ரூட் இயல்பாக அனுப்புவது யூடிபி வகைப் பாக்கெட்டுகளை, 33434இலிருந்து தொடங்கும் போர்ட்டுகளுக்கு. ஃபயர்வால் அதை மட்டும் தடுத்திருக்கக்கூடும். ‘-ஐ’ (-I, பெரிய எழுத்து) போட்டு ஐசிஎம்பியில் பாருங்கள். வெப் சர்வர் என்றால் லினக்ஸில் ரூட் உரிமையோடு ‘-டி’ (-T, இதுவும் பெரிய எழுத்து), ‘-பி 443’ (-p 443) கொடுத்து, வெப் பயன்படுத்தும் டிசிபியில் பாருங்கள்.