தொல்பழங்காலக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்காலத்தில் நிகழும் மூன்று நாவல்களின் கைப்பிரதிகளை அண்மையில் அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றும் ஒருவரையொருவர் அறியாத இளம் எழுத்தாளர்கள் எழுதியவை. ஆயினும் மூன்றிலும் முதல் அத்தியாயத்திலேயே ஒருவன் குளிரில் நடுங்கிக்கொண்டு, "நெருப்பு. வேண்டும். நான்." என்று சொல்கிறான். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய முதல் நாவலின் முதல் உரையாடலும் ஏறத்தாழ இதுவே. நான் பட்ட அதே இடத்தில் மற்றவர்களும் படுவதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

மனிதரையும் டைனோசரையும் ஒரே காட்டில் உலவவிடுவது போன்ற பிழைகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றைப் பள்ளிப் பாடமே திருத்திவிடும். நன்றாகப் படித்து, உழைத்து எழுதுபவர்களிடமும் காணப்படும் தவறுகளே என் கவலை.

முதலில், இவ்வகைக் கதைகளைத் தேடி வாசகர் ஏன் வருகிறார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் இனம் ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகளாக இந்தப் பூமியில் இருக்கிறது. எழுத்து தோன்றி 5,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அந்த நெடிய காலத்தில் பிறந்து, பேசி, அழுது, இறந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அரசும் பணமும் ஊரும் இல்லாத அந்த வாழ்க்கையில் நம்மைப் போன்றே ஒரு மனம் எப்படி இயங்கியிருக்கும் என்று உள்ளே நுழைந்து பார்க்கும் ஆவலே வாசகரை இழுத்து வருகிறது. அந்த மனத்தைச் சிறுமைப்படுத்தும் எந்த உத்தியும் கதையின் வேரையே வெட்டிவிடும்.

உடைந்த மொழியில் பேசவைத்தல்

எனக்கு மிகுந்த இழப்பை ஏற்படுத்திய தவறு இது. இன்றும் கண்டால் பொறுக்க முடியாத தவறும் இதுதான். தொன்மையைக் காட்டுவதற்காகச் சொற்களின் விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் உரித்துவிட்டு, "மான் வந்து. நான் கொல். நீ தின்." என்று பேசவைப்பார்கள். ஏன் என்று கேட்டால், "அப்போதுதான் பழமையாகத் தோன்றும்" என்பது பதிலாக வரும். நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது உண்மைக்குப் புறம்பானது. வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் மிகச் சிறிய சமூகங்களின் மொழிகளை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இலக்கணமே இல்லாத ஒரு மொழியும் அங்கே அகப்படவில்லை. கருவிகளின் எளிமைக்கும் மொழியின் எளிமைக்கும் தொடர்பில்லை. பிரான்சின் ஷோவே குகைச் சுவரில் ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முன் சிங்கங்களையும் காண்டாமிருகங்களையும் தீட்டியவர்களும், ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் கிடைத்த 40,000 ஆண்டு பழைய கழுகெலும்புக் குழலைத் துளையிட்டவர்களும் மூன்று சொற்களுக்கு மேல் கோக்கத் தெரியாதவர்களாக இருந்தார்கள் என்று எப்படி நம்புவது? நமக்கு நெருங்கிய, இன்று அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களைப் பற்றியும் அவசரப்பட வேண்டாம். இஸ்ரேலின் கெபாரா குகையில் 1983-இல் கிடைத்த எலும்புக்கூட்டில், நாக்கின் அடியில் இருக்கும் சிறிய எலும்பு நம்முடையதைப் போன்றே அமைந்திருந்தது. அந்த ஓர் எலும்பு பேச்சை நிறுவிவிடாது என்றாலும், அவர்களை உறுமும் விலங்குகளாக எழுதுவதற்கு அது இடம் கொடுக்கவில்லை.

அந்த உறுமும் உருவம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கது. 1908-இல் பிரான்சின் லா ஷபெல்-ஓ-செயின்ட்ஸ் என்ற இடத்தில் முதிய நியாண்டர்தால் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்செலின் பூல், கூன் விழுந்து முழங்கால் மடங்கி நடந்த ஓர் உயிராக அவரை விவரித்தார். 1957-இல் அதே எலும்புகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், அவருக்குக் கடுமையான மூட்டுவாதம் இருந்ததையும், நலமாக இருந்த நியாண்டர்தால்கள் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்திருப்பார்கள் என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். நோயுற்ற ஒரு முதியவரின் உடலை வைத்து ஓர் இனத்துக்கே உருவம் கொடுத்துவிட்டார்கள். அந்த உருவத்துக்கு ஏற்ற குரலைத்தான் நம் கதைகள் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் தவறின் விலையை நான் கொடுத்தது நாவலின் நடுப்பகுதியில். ஒரு தாய் தன் குழந்தையை ஆற்றில் பறிகொடுக்கிறாள். அவள் வாயில் நான் வைத்திருந்த சொற்கள் மூன்று: "குழந்தை. இல்லை. வலி." பிரதியைப் படித்த நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்துவைத்து என்னிடம் கேட்டார்: "இவள் துயரத்தில் இருக்கிறாளா, அறிவு குறைந்தவளா?" எனக்குப் பதில் இல்லை. முந்நூறு பக்கங்களில் ஒரு பாத்திரத்துக்குக்கூட வருந்தவோ, பொய் சொல்லவோ, கெஞ்சவோ, நினைவுகூரவோ நான் மொழி கொடுத்திருக்கவில்லை. உரையாடல்களை மட்டும் திருத்தினால் போதும் என்று எண்ணித் தொடங்கினேன். ஆனால் முழுமையாகப் பேசத் தொடங்கிய மனிதர்கள் முன்பு செய்ததைச் செய்ய மறுத்தார்கள், கதையே மாறிற்று. திருத்தி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

வேட்டைக்குச் செல்லும் ஒருவர் தன் தம்பியிடம், "காற்று திரும்பினால் நீ பாறையைச் சுற்றி வந்துவிடு, திரும்பாவிட்டால் நான் கையை உயர்த்தும்வரை அசையாதே" என்று சொல்லாமல் எப்படி ஒரு பெரிய விலங்கை வளைக்க முடியும்? இந்த ஒரு வாக்கியத்தில் நிபந்தனை இருக்கிறது, எதிர்மறை இருக்கிறது, காலவரம்பு இருக்கிறது. சொற்கள் எளியவை, இலக்கணம் முழுமையானது. பின்பற்ற வேண்டிய வழி இதுவே. அவர்களுக்கு இல்லாத பொருள்களின் பெயர்களை நீக்குங்கள். அவர்கள் நன்கறிந்த தடம், காற்று, கல், தோல், உறவுமுறை ஆகியவற்றில் நம்மைவிட நுணுக்கமாகப் பேசவிடுங்கள். எதிர்த்திசையில் சென்று, அரசவைப் புலவரைப் போலப் பழஞ்சொற்களை அடுக்கவைப்பதும் பயன் தராது. அது வேறொரு காலத்தின் ஆடையை அவர்களுக்கு உடுத்துவதாகும்.

உவமையில் நுழையும் இரும்பு

உரையாடலைக் காத்துக்கொண்டவர்களும் வருணனையில் வழுக்குகிறார்கள். "பசுமரத்தாணிபோல் பதிந்தது", "கண்ணாடிபோல் தெளிந்த நீர்", "நூல் பிடித்தாற்போல் நேரான பாதை" என்று எழுதும்போது ஆணியும் கண்ணாடியும் கொத்தனாரும் கதைக்குள் வந்துவிடுகிறார்கள். கால்நடை வளர்ப்பு இல்லாத காலத்தில் நிலவொளி பாலாகப் பொழியக் கூடாது. நம் மொழியின் மரபுத்தொடர்களில் பெரும்பகுதி உழவிலிருந்தும் உலோகத்திலிருந்தும் நெசவிலிருந்தும் பிறந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்தால்தான் அந்த உலகத்தின் உவமைகள் தாமாக எழும். என் பிரதியில் நான் களைந்தவை நூற்றுக்கும் மேல்.

ஒரே நாயகன் எல்லாவற்றையும் கண்டுபிடித்தல்

நெருப்பை அடக்கி, நாயைப் பழக்கி, சக்கரத்தையும் செய்துவிடும் நாயகனை இன்னும் எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் நெருப்பின் தடயங்கள் 10 லட்சம் ஆண்டு பழையவை. சக்கரத்துக்கு வயது 5,500 ஆண்டுகளை ஒட்டியே. நாயைப் பற்றிச் சொல்வதானால், ஜெர்மனியின் போன்-ஓபர்காசலில் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட குட்டி நாயின் பற்கள், அது கொடிய நோயில் விழுந்து வாரக்கணக்கில் பிழைத்திருந்ததைக் காட்டுகின்றன. யாரோ பேணாமல் அது நடந்திருக்காது. ஓநாயை வென்ற வீரனைவிட, அந்தக் குட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தவர் எனக்குப் பெரிய பாத்திரமாகத் தெரிகிறார்.

எப்போதும் குகை

எல்லாரையும் குகையிலேயே குடிவைக்காதீர்கள். திறந்தவெளிக் குடியிருப்புகள் அழிந்துபோயின, குகைத் தடயங்கள் எஞ்சின, அவ்வளவே.

ஆராய்ச்சிக் குறிப்பைக் கொட்டுதல்

கல் உடைக்கும் முறையை இரண்டு பக்கம் விளக்காதீர்கள். உடைக்கும்போது வெட்டுப்பட்ட விரலைக் காட்டுங்கள்.

வலியவன் மட்டுமே வாழ்ந்தான் என்று நம்புதல்

இராக்கின் ஷனிதார் குகையில் 1957-இல் கண்டெடுக்கப்பட்ட நியாண்டர்தால் ஒருவருக்கு ஒரு கண் பெரும்பாலும் பார்வையிழந்திருந்தது, வலக்கை சூம்பி, அதன் கீழ்ப்பகுதி இல்லாமல் போயிருந்தது, கால் ஊனமுற்றிருந்தது. அந்தக் காயங்கள் ஆறிய பின்னும் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். ஊனமுற்றவரைக் கூட்டத்தார் விட்டுச்செல்லும் காட்சியைத் தயக்கமின்றி எழுதுபவர்கள் இந்த எலும்புகளைப் பற்றிப் படித்துவிட்டு எழுத வேண்டும்.

பக்கத்துக்குப் பக்கம் வேட்டையும் கொலையும் வைப்பதும் இந்த நம்பிக்கையின் விளைவே. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள வைட் சாண்ட்ஸில், 10,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு தடவரிசை 1.5 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஒருவர் சேற்றில் விரைந்து நடந்திருக்கிறார். அங்கங்கே ஒரு சிறு குழந்தையின் பாதங்கள் தோன்றி மறைகின்றன, இடுப்பிலிருந்து இறக்கி மீண்டும் தூக்கிக்கொண்டதுபோல. திரும்பி வந்த தடத்தில் குழந்தை இல்லை. இடைப்பட்ட நேரத்தில் ஒரு மாமத் யானையும் தரையில் வாழ்ந்த ஒரு பெரும் ஸ்லாத் (sloth) விலங்கும் அந்தத் தடங்களைக் கடந்திருக்கின்றன. யானை பொருட்படுத்தாமல் சென்றுவிட்டது, ஸ்லாத் மட்டும் பின்னங்கால்களில் எழுந்து நின்று திரும்பியதுபோல் தெரிகிறது. வேட்டைக் காட்சியோடுதான் கதையைத் திறக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் இந்த நடையிலிருந்து ஒருமுறை தொடங்கிப் பார்க்கலாம்.